முரசின் வாரிசு



புத்தளம் மாவட்டத்தின் கடலோரம் விழாக்கள் மலிந்த ஒரு கரை. தலவிலையிலே புனித அன்னம்மாள் திருத்தலத்துக்கு ஆண்டில் இருமுறை அடியார் கூட்டம் திரள்கின்றது. உடப்பிலே திரௌபதை அம்மன் கோயிலின் தீமிதிப்பும், சிலாபத்தை அடுத்த முன்னேஸ்வரத்தின் மகோற்சவமும் நாடறிந்தவை. திருமண வீடுகளும் விளையாட்டு விழாக்களும் வந்தாலோ, இசைக்குழு ஒன்று மேடை ஏறாமல் மாலைப்பொழுது நிறைவுறுவதில்லை. அம்மேடையின் அடியிலே, எவருடைய கண்ணுக்கும் அழகாகத் தோன்றாத சில பெரிய கரிய பெட்டிகள் கிடக்கும். பாடகரின் பெயரை யாவரும் அறிவர். அப்பெட்டிகளை யாரும் பொருட்படுத்துவதில்லை. ஆனால் அவை ஊமையாகிவிட்டால் பாட்டின் உயிர் பாதி போய்விடும். சப்வூபர் என்றும், இளைஞர் வழக்கிலே பேஸ் பெட்டி என்றும் சொல்லப்படும் அந்தத் தாழ்சுர ஒலிபெருக்கியின் வரலாற்றையும், அதைக் காத்தலும் பழுது பார்த்தலும் எவ்வாறு ஒரு கலையாக வளர்ந்தன என்பதையும் இன்று சிந்திப்போம்.

தாழ்ந்த ஒலி மனிதனை ஆட்கொள்ளும் விதமே தனி. குழலோசையைக் காது கேட்கின்றது. முரசோசையையோ நெஞ்சும் வயிறும் உணர்கின்றன. பண்டைத் தமிழர் இதனை நன்கு அறிந்திருந்தனர். அரசனது முரசு வெறும் கருவியாகக் கருதப்படவில்லை. அதற்கெனத் தனிக் கட்டில் இருந்தது. அதனை நீராட்டும் சடங்கும் இருந்தது. புறநானூற்றின் 50ஆவது பாட்டுக்குரிய நிகழ்ச்சியை மாணவர் பலரும் பாடசாலையிலே கற்றிருப்பர். முரசு நீராட்டுக்குச் சென்றிருந்த வேளையிலே, புலவர் மோசிகீரனார் அதன் கட்டிலென்று அறியாமல் ஏறி உறங்கிவிட்டார். சேரமான் தகடூர் எறிந்த பெருஞ்சேரல் இரும்பொறை அவரை வாளால் தண்டிக்காமல், சாமரை கொண்டு வீசி நின்றான். இதிலே புலவரின் பெருமையையும் அரசனின் பெருந்தன்மையையும் நாம் வியக்கின்றோம். நம் பொருளுக்கு இன்னுமொரு செய்தி இதிலே உண்டு. முழக்கம் முடிந்ததும் முரசை ஒரு மூலையிலே போட்டுவிடும் வழக்கம் அன்று இருக்கவில்லை. அதனைக் கழுவுவதற்கும் காப்பதற்கும் ஆள் இருந்தனர். நாளும் முறையும் இருந்தன.

தாழ்ந்த ஒலியை எழுப்புவதற்குப் பழைய கைவினைஞர் கண்ட வழியும் கருதத்தக்கது. மிருதங்கத்தின் இடந்தலையிலே, கச்சேரிக்கு முன்னர், ரவையைக் குழைத்து அப்புகின்றனர். தோலின் எடை கூடுகின்றது, அதிர்வு மெதுவாகின்றது, சுருதி தாழ்கின்றது. எடை கூடினால் ஒலி தாழும் என்ற இந்த விதியை நேயர்கள் மனத்திலே இருத்திக்கொள்ள வேண்டுகிறேன். இன்றைய ஒலிபெருக்கியைப் பழுது பார்ப்பவனும் இதே விதிக்கு அடங்கியே தொழில் செய்ய வேண்டியவனாயிருக்கிறான்.

புத்தளத்துக்கு இவ்விடயத்திலே மற்றொரு மரபும் உண்டு. நகரை அடுத்த சிரம்பியடியிலே, போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், ஆங்கிலேயர் ஆட்சிக் காலங்களிலே இலங்கைக்குக் கொண்டுவரப்பட்ட ஆபிரிக்க மக்களின் வழித்தோன்றல்கள் வாழ்கின்றனர். அவர்களுடைய மஞ்சா என்னும் பாடல் மரபிலே கைமேளமும், தேங்காய்ச் சிரட்டையும், கண்ணாடிப் போத்தலும், கரண்டியுமே வாத்தியங்கள். மெல்லத் தொடங்கி வரவர வேகமேறி ஆட்டத்தில் முடிவது அவ்விசை. இலங்கையரின் பைலா இசையும் இத்தகைய கலப்பிலே பிறந்ததுதான். பைலா என்னும் பெயரே ஆடுதலைக் குறிக்கும் போர்த்துக்கேயச் சொல்லிலிருந்து வந்தது. 1940களிலே பொலிஸ் சேவையிலிருந்த வொலி பஸ்தியன் இதனைச் சிங்கள மேடையிலே நிலைநிறுத்தினார். பின்னர் நித்தி கனகரத்தினமும் ஏ. ஈ. மனோகரனும் இந்தத் தாளத்தின் துள்ளலைத் தமிழ்ப் பொப் பாடல்களிலே கொண்டுவந்தனர். இந்த இசைக்கெல்லாம் முதுகெலும்பு தாழ்ந்த ஒலியே. கூட்டம் சிறிதாயிருந்த வரையில் கைமேளம் போதுமானதாயிருந்தது. கூட்டம் பெருகியபோது மின்சாரத்தின் துணை வேண்டியதாயிற்று.

இனி அந்த மின்சாரக் கருவி பிறந்த கதைக்கு வருவோம். காந்தப் புலத்திலே செப்புச் சுருளொன்றை வைத்து அதனுள் மின்னோட்டத்தைச் செலுத்தினால் சுருள் அசையும் என்ற அமைப்பை, 1874ஆம் ஆண்டிலே ஜேர்மனியரான வேர்னர் சீமென்ஸ் விவரித்தார். 1898இல் ஆங்கில அறிஞர் ஒலிவர் லொட்ஜ் இதனை ஒலி தரும் கருவியாக வகுத்தார். ஆயினும் ஊருக்கு உரைக்கும் கருவியாக அது வளர்ந்தது கலிபோர்னியாவிலே. 1915ஆம் ஆண்டு நத்தார்த் தினத்துக்கு முந்திய நாளன்று, பீற்றர் ஜென்சன், எட்வின் பிரிதம் என்னும் இருவர், சான் பிரான்சிஸ்கோ நகர மண்டபத்தின் முன் கூடிய பெருங்கூட்டத்துக்குத் தம் ஒலிபெருக்கியால் பேச்சையும் இசையையும் கேட்கச் செய்தனர். 1919இல் ஜனாதிபதி வில்சன், சான் டியேகோவிலே ஏறக்குறைய 50,000 மக்களுக்கு அக்கருவியின் துணையால் உரை நிகழ்த்தினார். 1925இலே றைஸ், கெலொக் என்ற பொறியியலாளர் இருவர், கடதாசிக் கூம்பையும் அசையும் சுருளையும் இணைத்த அமைப்பை வெளியிட்டனர். ஒரு நூற்றாண்டு கழிந்த பின்னரும் இன்றைய சப்வூபரின் உள்ளமைப்பு அடிப்படையில் அதுவே.

அதே 1925ஆம் ஆண்டின் டிசம்பரிலேதான் கொழும்பிலே ஒழுங்கான வானொலி ஒலிபரப்புத் தொடங்கியது. அதற்கு முன்னோடியாக 1923இலே எட்வேட் ஹாப்பர் நடத்திய சோதனை ஒலிபரப்புக்கு, முதலாம் உலகப் போரிலே கைப்பற்றப்பட்ட ஜேர்மன் நீர்மூழ்கிக் கப்பலின் உறுப்புகள் பயன்பட்டன. பிறர் கழித்ததை எடுத்துச் செப்பனிட்டுப் பேச வைத்தமையே இந்நாட்டு ஒலிபரப்பின் பிறப்பு எனலாம். பழுது பார்ப்பவனை இகழ நம் வானொலிக்கு உரிமை கிடையாது!

ஒலியைப் பெருக்கியாயிற்று, ஆனால் தாழ்ந்த ஒலியைப் பெருக்குவது எளிதாக இருக்கவில்லை. வினாடிக்கு 40 முறை அதிரும் ஒலியின் அலை ஏறக்குறைய எட்டரை மீற்றர் நீளமுடையது. கூம்பு முன்னே காற்றைத் தள்ளும் அதே கணத்திலே பின்னே காற்றை இழுக்கின்றது. இரண்டும் சுற்றிவந்து கலந்தால் ஒன்றையொன்று அழித்துவிடும். ஆகவே பெட்டி வேண்டும். பெட்டியின் அளவும் கணக்காயிருக்க வேண்டும். 1930இலே அல்பேட் துராஸ், பெட்டியிலே துளையொன்று அமைத்துப் பின்னொலியையும் பயன்படுத்தும் முறைக்குக் காப்புரிமை கோரினார். 1954இலே எட்கார் வில்சூர், காற்றுப் புகாது மூடிய சிறு பெட்டியினுள் அடைபட்ட காற்றையே வில்லாகப் பயன்படுத்திக் காட்டினார். 1961இலே அவுஸ்திரேலியரான நெவில் தீல், பெட்டியையும் கூம்பையும் ஒன்றுக்கொன்று பொருத்தும் கணக்கை வகுத்தார். 1970களிலே றிச்சட் ஸ்மோல் அதனை விரித்து நிறைவுசெய்தார்.

கணக்கு ஒருபுறம் வளர, தேவை மறுபுறம் பெருகியது. 1965ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்திலே பீற்றில்ஸ் குழுவினர் நியூயோர்க்கின் ஷே விளையாட்டரங்கிலே ஏறக்குறைய 55,000 பேர் முன்னிலையில் பாடியபோது, இரசிகரின் கூச்சலிலே பாடுவோருக்கே தம் பாட்டுக் கேட்கவில்லை. அன்றைய பெருக்கிகளின் ஆற்றல் அவ்வளவுதான். 1974இல் பூகம்பம் பற்றிய அமெரிக்கத் திரைப்படமொன்றுக்காகத் திரையரங்குகளிலே பெரும் தாழ்சுரப் பெட்டிகள் வைக்கப்பட்டு, இருக்கைகள் அதிருமாறு செய்யப்பட்டன. அதன்பின் மேடை இசையிலும் தாழ்சுரத்துக்கெனத் தனிப் பெட்டி வைப்பது வழக்கமாயிற்று.

இனி, இப்பெட்டிகளுக்கு வரும் நோய்களைப் பார்ப்போம். முதல் நோய் சூடு. பெருக்கியிலிருந்து வரும் மின்னாற்றலிலே மிகச் சிறு பங்கே ஒலியாகின்றது. எஞ்சியதெல்லாம் செப்புச் சுருளிலே வெப்பமாகின்றது. சுருளின் சூடு 200 பாகை ஏறினால், அதன் மின்தடை முன்னிருந்ததைப் போல் ஏறக்குறைய ஒன்றேமுக்கால் மடங்காகும். தடை கூடவே மின்னோட்டம் குறைகின்றது, ஒலியும் தளர்கின்றது. நள்ளிரவை நெருங்கும் வேளையிலே ஒலி தளர்ந்ததைக் கேட்ட இளைஞன் என்ன செய்கிறான்? பெருக்கியை இன்னும் உயர்த்துகிறான். களைத்து வீழ்ந்த எருதைச் சவுக்கால் அடிப்பது போன்ற செயல் இது. சுருளைப் பிணைத்துள்ள பசை உருகுகின்றது, கம்பி அவிழ்கின்றது, பெட்டி ஊமையாகின்றது.

பெருக்கி தன் ஆற்றலுக்கு மேல் உந்தப்படும்போது அலையின் உச்சி வெட்டுப்பட்டுத் தட்டையாகும். முற்றிலும் வெட்டுப்பட்ட அலை, அதே உயரமுள்ள சீரான அலையைப் போல் இருமடங்கு ஆற்றலைச் சுருளிலே கொட்டும். ஆதலினால் சிறிய பெருக்கி வைத்திருப்பதனால் மட்டும் ஆபத்தில்லை என்று எண்ணுதல் கூடாது. பெருக்கியின் உறுப்பொன்று பழுதாகி நேரோட்ட மின்சாரம் சுருளுக்குப் பாய்ந்தாலோ, கூம்பு ஒரு பக்கமாய் இழுபட்டு அசைவற்று நிற்க, சுருள் விரைவிலே கருகிவிடும்.

இரண்டாம் நோய் மிகையான அசைவு. மூடிய பெட்டியிலே 80 அதிர்வில் 2 மில்லிமீற்றர் அசையும் கூம்பு, 40 அதிர்வில் அதே உரத்தோடு ஒலிக்க 8 மில்லிமீற்றர் அசைய வேண்டும். ஒலி தாழத் தாழ அசைவு நான்கு மடங்காய்ப் பெருகுகின்றது. துளையுள்ள பெட்டியிலோ, அது இசைவிக்கப்பட்ட அதிர்வுக்குக் கீழே காற்றின் தாங்கல் அற்றுப்போகக் கூம்பு கட்டவிழ்ந்து ஆடும். கீழே விழுந்த ஒலிவாங்கியின் மோதல், மேடையிலே நடப்போரின் காலடி, கருவிகளை இயங்கவிட்டே இணைப்பைப் பிடுங்கும் போது எழும் இடி, இவையெல்லாம் இசையே அல்ல. ஆயினும் கூம்பைக் கிழிப்பவை இவையே.

மூன்றாம் நோய் நம் கரைக்கே சிறப்பானது, அதுதான் உப்பு. புத்தளம் உப்பளங்களின் நாடு. உப்பு எந்த மாவட்டத்தாருக்குச் சோறு போடுகின்றதோ, அந்த மாவட்டத்தாரின் கருவிகளையே தின்கின்றது. காற்றோடு வரும் உப்பு காற்றின் ஈரத்தை உறிஞ்சி இரும்பின் மேலே தங்குகின்றது. காந்தத்தின் இரும்புத் தகடுகளுக்கிடையே சுருள் அசையும் இடைவெளி, பக்கத்துக்கு ஒரு மில்லிமீற்றருக்கும் குறைவானது. அங்கே துரு பொருமினால் சுருள் உரசும். உரசினால் அதன் மேற்பூச்சுத் தேயும். கற்பிட்டிப் பக்கத்துக் காற்று மணலையும் உடன் கொண்டுவருகின்றது. கூம்பின் ஓரத்திலே பஞ்சுபோன்ற நுரைப்பொருள் அமைந்திருந்தால், ஈரக்காற்றிலே சில ஆண்டுகளில் அது தூளாகிவிடும். பசையூட்டிய துணி ஓரம் கொண்டதே இக்கரைக்கு உகந்தது.

காத்தற்குரிய வழிகள் பெருஞ்செலவு வேண்டுபவை அல்ல. பெட்டிக்குத் தேவையற்ற மிகத் தாழ்ந்த அதிர்வுகளைத் தடுக்கும் வடிகட்டியைப் பெட்டியின் இசைவுக்கேற்ப அமைத்தல் வேண்டும். உச்சியைக் கட்டுப்படுத்தும் லிமிற்றர் என்னும் அமைப்பை இயங்கவிடல் வேண்டும். பெருக்கியை எல்லாவற்றிலும் கடைசியாக இயக்கி, எல்லாவற்றிலும் முதலாவதாக நிறுத்துதல் வேண்டும். மின்பிறப்பாக்கியின் மின்னழுத்தத்தை அளந்து பார்க்காமல் எதனையும் இணைத்தல் ஆகாது. பெட்டியை வெறும் மணலிலே வைக்காமல் மரப்பலகை மேலே வைத்து, நிகழ்ச்சி முடிந்ததும் உலர்ந்த துணியால் துடைத்து உறையிடுதல் வேண்டும். இது முரசு நீராட்டின் இன்றைய வடிவம் என்க. ஒரு வேறுபாடு, இங்கே நீர் ஆகாது!

இன்னுமொரு கணக்கு உண்டு. ஒலி இருமடங்காகக் கேட்பதற்குப் பத்து மடங்கு ஆற்றல் வேண்டும். ஒரு பெட்டியை வதைத்து அதனைப் பெற முயல்வது வீண். அருகருகே வைத்த இரு பெட்டிகள், ஒவ்வொன்றும் முன்போன்ற ஆற்றலையே பெற்றாலும், ஒன்றுக்கொன்று துணைநின்று தாழ்சுரத்தைப் பெரிதும் உயர்த்தும். ஆனால் இரண்டின் மின்முனைகளும் ஒரே முறையாய் இணைக்கப்பட்டிருக்க வேண்டும். ஒன்று தலைகீழாயின் ஒன்றின் ஒலியை மற்றது விழுங்கிவிடும். ஒன்றரை வோல்ட் மின்கலத்தைக் கணநேரம் தொட்டுப் பார்த்தால், கூம்பு முன்னே வருகின்றதா பின்னே போகின்றதா என்பதைக் கொண்டு இதனை அறியலாம்.

பழுது பார்க்கும் முறையையும் சுருங்கச் சொல்வேன். எட்டு ஓம் எனக் குறிக்கப்பட்ட ஒலிபெருக்கி, அளவுமானியிலே ஏறக்குறைய ஆறு ஓம் காட்டினால் சுருள் நலமாயிருக்கின்றது. எதுவுமே காட்டாவிடில் கம்பி அறுந்தது. அது சுருளிலும் இருக்கலாம், கூம்புக்குச் செல்லும் மென்பின்னற் கம்பியிலும் இருக்கலாம். இரு கைகளாலும் கூம்பைச் சமமாய் மெல்ல அழுத்தும்போது கரகரப்பு எழுந்தால் சுருள் உரசுகின்றது என்பது பொருள். சுருள் கருகியிருந்தால் கூம்பையும் சுருளையும் அகற்றி, காந்த இடைவெளியிலே ஒட்டுநாடாவை விட்டு இரும்புத்தூளை ஒட்டியெடுத்து, புதிய சுருளை மெல்லிய தகட்டுத் துண்டுகளால் நடுவே நிறுத்தி, பசையிட்டு, ஒரு நாளேனும் உலரவிட்டு, பின்னரே அத்துண்டுகளை உருவுதல் வேண்டும். அவசரப்படுவோனுக்கு இத்தொழில் வாய்க்காது.

இங்கேதான் மிருதங்க விதி மீண்டும் வருகின்றது. புதிதாய் இடும் கூம்பும் சுருளும் பழையனவற்றின் எடைக்கு ஒத்திருத்தல் வேண்டும். எடை மாறினால் அதிர்வு மாறும். அதிர்வு மாறினால் தீல் வகுத்த கணக்கின்படி அந்தப் பெட்டி அந்தக் கூம்புக்கு உரியதாகாது. சந்தையிலே மலிவாய்க் கிடைத்ததைக் கொண்டு ஒட்டிக் கொடுப்போன், மிருதங்கத்திலே அளவறியாமல் ரவை அப்புவோனுக்கு நிகராவான்.

நம் நாட்டிலே இந்தக் கைத்திறன் நெருக்கடிக் காலங்களிலே ஆழமாய் வேரூன்றியது. 1970 முதல் 1977 வரையிலான இறக்குமதிக் கட்டுப்பாட்டுக் காலத்திலே, புதியது வாங்க வழியில்லாமையால் பழையதைத் திருத்தியே வாழ்ந்தோம். 1977க்குப் பின் சந்தை திறந்தது. கழற்றி எறிந்து புதியது வாங்கும் பழக்கமும் உடன் வந்தது. 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியிலே வெளிநாட்டுப் பொருள்களின் விலை எட்டாத உயரத்துக்கு ஏறியபோது, மறந்துபோன அக்கைத்திறனின் அருமை மீண்டும் புலப்பட்டது. கடன் பெற்று ஒலியமைப்பு வாங்கி வாடகைக்கு விட்டுப் பிழைக்கும் இளைஞனுக்கு, ஒரே இரவிலே இரு சுருள்கள் எரிந்தால் ஒரு பருவத்தின் உழைப்பே எரிந்ததாகும். நகையை அடகு வைத்து அவ்விழப்பை ஈடுசெய்த குடும்பங்களை நான் அறிவேன். அவ்விரவிலே நடந்தது என்னவென்று உசாவினால், பெரும்பாலும் விடை ஒன்றே: “இன்னும் கொஞ்சம் கூட்டு” என்று யாரோ கேட்டார், இவனும் மறுக்கத் துணியாமல் கூட்டினான்.

ஆகவே, மறுக்கும் துணிவும் இத்தொழிலுக்கு ஒரு கருவியாகும். அத்துணிவு பெட்டியை மட்டும் காப்பதில்லை. கேட்போரின் செவியையும், அயலாரின் உறக்கத்தையும் அது காக்கின்றது. இசை நிகழ்ச்சிகளிலே 15 நிமிடச் சராசரி 100 டெசிபெல்லுக்கு மேற்படலாகாது என உலக சுகாதார நிறுவனம் 2022இலே வரையறை தந்தது. 2007ஆம் ஆண்டிலே நம் உயர் நீதிமன்றம், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்கு அனுமதி வழங்கலாகாது என்னும் பொதுவிதியை வகுத்து, விசேட தருணங்களுக்கு மட்டும் விலக்களித்தது. தாழ்ந்த ஒலி சுவரைக் கடந்து செல்லும் இயல்பினது. மேடையில் நிற்பவன் கேட்கும் பாட்டு, மூன்றாம் வீட்டு நோயாளிக்கு இடியாகவே சென்று சேரும்.

2013ஆம் ஆண்டு முதல் நம் பாடசாலைகளின் உயர்தர வகுப்புகளிலே தொழினுட்பப் பிரிவு நடைபெற்று வருகின்றது. காந்தம், சுருள், மின்தடை, வெப்பம், அதிர்வு என்று புத்தகத்திலே தனித்தனியே கிடக்கும் பாடங்கள் எல்லாம் பழுதான ஒரு பேஸ் பெட்டியினுள்ளே ஒன்றாய்க் கூடியிருக்கின்றன. எரிந்த ஒன்றை வகுப்பறை மேசையிலே வைத்துத் திறந்து காட்டினால், கடைசி வாங்கிலே இருக்கும் மாணவனும் எழுந்து முன்னே வருவான். ஊரிலே இத்தொழிலைச் செய்யும் மூத்தோரை ஆண்டுக்கு ஒருமுறையேனும் பாடசாலைக்கு அழைத்து, அவர்கள் கையறிந்ததை மாணவருக்குக் காட்டச் செய்தல் அதிபர்கள் எல்லோருக்கும் இயலக்கூடிய காரியமே.

புறநானூறு புலவரின் பெயரைச் சொல்கின்றது. அரசனின் பெயரையும் சொல்கின்றது. அன்று முரசைச் சுமந்து சென்று நீராட்டிக் கொண்டுவந்தவனின் பெயர் எங்கும் இல்லை. இன்று கடலோரத்துச் சிறு கடையிலே, மேசை விளக்கின் கீழே குனிந்திருந்து, மயிரிழை இடைவெளியிலே சுருளை நிறுத்துகின்றவனின் பெயரும் எந்த விழா அறிவித்தலிலும் இடம்பெறுவதில்லை. அவனது கூலியைக் குறைக்குமாறு பேரம் பேசும் முன்னர், அந்த விழாவின் நெஞ்சத் துடிப்பு அவன் கையிலிருந்தே வருகின்றது என்பதை ஒருகணம் எண்ணிப் பார்ப்போமாக.